வேலையின்மைக் கணக்கும் ஜூரோங் கதையும்

ஜூரோங்கைப் பற்றி மேடையில் பேச எழுபவர் பெரும்பாலும் மூன்று வாக்கியங்களில் அதன் வரலாற்றை முடித்துவிடுகிறார். 1959இல் சிங்கப்பூரில் நூற்றுக்குப் பதினான்கு பேர் வேலையின்றித் திண்டாடினர். 1961இல் மேட்டைச் சரித்துச் சதுப்பு நிலத்தைத் தூர்த்து ஆலைகளுக்கு இடம் செய்தனர். இன்று வேலையின்மை இரண்டு விழுக்காடே. இத்துடன் நான்காவது வாக்கியம் ஒன்றும் இப்போது சேர்ந்து வருகிறது. பிற நாடுகளை நோக்குங்கள், அவற்றின் விழுக்காட்டையும் நம் விழுக்காட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்பது அது. முதல் மூன்று வாக்கியங்களிலேயே ஆராய வேண்டுவன பல உள. நான்காவதோ ஆராயாமல் சொல்லவே கூடாதது.

முன்பு என்னிடம் பயிற்சிக்கு வந்து, இப்போது ஜூரோங்கில் தமிழ் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர், மாணவர்களின் பேச்சுப் போட்டிக்கென ஓர் அட்டவணை தொகுத்திருந்தார். இடப்பக்கம் ஆண்டுகள்: 1933, 1959, 1971, 1982, 2020. மேலே நாடுகள்: சிங்கப்பூர், மலேசியா, இந்தியா, இலங்கை, இங்கிலாந்து, அமெரிக்கா. கட்டங்களில் எண்கள். கீழே ஒரு வினா: "இவற்றுள் எந்நாட்டு மக்கள் நன்கு வாழ்ந்தனர்?" உழைப்பை மெச்சினேன், வினாவை ஏற்க இயலவில்லை. ஏன் இயலவில்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரை.

முதற்கண் சொல்லைப் பார்ப்போம். 'வேலையில்லாத் திண்டாட்டம்' என்பது நம் மேடைகளிலும் ஏடுகளிலும் நெடுங்காலம் வழங்கிய தொடர். 'வேலையின்மை விகிதம்' என்பது அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட புதுத் தொடர். இரண்டும் ஒரு பொருளன என்று மாணவர் எண்ணுகின்றனர், ஆசிரியரும் எண்ணுகின்றனர். திண்டாட்டம் துன்பத்தைக் குறிப்பது. விகிதம் குறிப்பதோ, குறிப்பிட்ட காலத்தில் ஒரு மணி நேரமும் கூலிக்கோ வருவாய்க்கோ உழைக்காமல், உழைக்க அணியமாயிருந்து, வேலையைத் தேடியும் இருந்தவர் எத்தனை பேர் என்பதை மட்டுமே. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் புள்ளியியல் மாநாடு 1954இல் வகுத்து 1982இல் திருத்திய இலக்கணம் இது. இவ்விலக்கணத்தின்படி, வாரத்தில் ஒரு நாள் மூட்டை தூக்கி ஆறு நாள் பட்டினி கிடந்தவன் வேலையுள்ளவன். தேடித் தேடிச் சலித்து, இனித் தேடிப் பயனில்லை என்று திண்ணையில் அமர்ந்துவிட்டவனோ வேலையற்றவனும் அல்லன். உழைப்பாளர் தொகையிலேயே அவனுக்கு இடமில்லை. திண்டாட்டம் இருவருக்கும் உண்டு. விகிதத்தில் இருவரும் இல்லை. இலக்கணம் தவறென்று கூற வரவில்லை. எதையேனும் எண்ண வேண்டுமானால் ஓர் எல்லைக்கோடு வேண்டும். அக்கோடு எங்கே கிடக்கிறது என்பதை மறந்துவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ச் செல்வதுதான் தவறு.

இனி அந்தப் பதினான்குக்கு வருவோம். 1957இல் சிங்கப்பூரில் குடிமதிப்புக் கணக்கு எடுத்தனர். அதன்படி வேலையற்றோர் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு. 1966இல் மாதிரிக் குடும்ப ஆய்வு ஒன்று நடந்தது. அதன்படி ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு. இவ்விரண்டுக்கும் இடையே 1959க்கென்று மேடைகளில் சொல்லப்படுவது பதின்மூன்றரை, அல்லது பதினான்கு. இரண்டே ஆண்டுகளில் ஐந்து பதினான்காவதற்கு வேண்டிய பேரிடர் எதுவும் அப்போது நேர்ந்ததில்லை. ஒரே அளவுகோலால் அளந்த எண்களாக இவை இருத்தல் அரிது. அக்காலத்தில் சாலையோரம் கடை விரித்தவர், மூன்று சக்கர வண்டி மிதித்தவர், துறைமுகத்தில் அன்றன்று ஆள் எடுக்கும் இடத்தில் காத்து நின்றவர் ஆகியோரை எப்பக்கம் சேர்ப்பது என்பதைப் பொறுத்தே எண் ஏறும் அல்லது இறங்கும். அவர்களை வேலையுள்ளவராகக் கொண்டால் ஐந்து; அரைகுறை வேலையையும் குறையாகக் கொண்டால் அதனினும் மிகப் பெரிது. அட்டவணையில் 1959க்கு எதிரே பதினான்கு என்று எழுதி, 2024க்கு எதிரே மனிதவள அமைச்சின் இரண்டு விழுக்காட்டை எழுதுவது, மரக்காலால் அளந்த நெல்லையும் தராசில் நிறுத்த நெல்லையும் ஒரே வரியில் கழித்துப் பார்ப்பதை ஒக்கும்.

இதனால் ஜூரோங்கின் வெற்றி பொய் என்று ஆகிவிடாது. பொருளியல் வளர்ச்சிக் கழகம் 1961இல் அமைந்தது. தேசிய இரும்பு எஃகு ஆலை 1963இல் உற்பத்தி தொடங்கியது. ஆள் வராத மனைகளைக் கண்டு 'கோ கெங் சுவீயின் மடமை' என்று எள்ளியவர் வாய், ஜூரோங் நகரக் கழகம் 1968இல் எழுந்த பின் மெல்ல அடங்கியது. 1970களின் நடுவில் வேலையின்மை ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே சென்றது. ஆயின் அவ்வெற்றியைக் காட்டச் சிறந்த எண் வேலையின்மை விகிதம் அன்று என்பதே என் துணிபு. 1957இல் உழைக்கும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே வேலைக்குச் சென்றனர். 1980இல் அது 44 விழுக்காட்டை எட்டியது. ஆலைகள் எழுமுன் அடுப்படியில் இருந்த அப்பெண்கள் எவரும் வேலையற்றோர் கணக்கில் இருந்ததில்லை. கணக்கிலேயே இல்லாதவர்க்கு வேலை கிடைத்தால் அவ்விகிதம் அதைக் காட்டுமா? ஜூரோங் செய்த மிகப் பெரிய மாற்றம், ஜூரோங்கைப் புகழ எடுத்துக்கொண்ட எண்ணில் தெரியவே தெரியாது.

நிற்க. அட்டவணையில் 1933க்கு நேராக அமெரிக்கக் கட்டத்தில் 24.9 என்றிருந்தது. மலேசியக் கட்டத்தில் ஒரு சிறு கோடு. "மலாயாவுக்குப் புள்ளிவிவரம் கிடைக்கவில்லை, ஐயா" என்றார் ஆசிரியை. அந்தக் கோட்டைப் பற்றி நான் பேசியாக வேண்டும். ஏனெனில் நான் பணிபுரிவது ஜொகூரில் தோட்டத்துப் பள்ளி ஒன்றில். என் மாணவர்களின் பூட்டனார் அந்தக் கோட்டுக்குள்தான் இருக்கின்றனர்.

பழைய தோட்டத்தில் வேலையற்றவர் என்று எவரும் இரார். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. லயத்து வீடு வேலைக்குரியது. வேலை போனால் வீடு போகும். வீடு போனால் தோட்டத்தில் நிற்க இடமில்லை. ஆகவே எந்நாளில் எவர் வந்து எண்ணினாலும், தோட்ட எல்லைக்குள் உள்ளவர் அனைவரும் வேலையுள்ளவராகவே இருப்பர். விகிதம் சுழி. இச்சுழியைக் கண்டு தோட்டத் தொழிலாளி நன்கு வாழ்ந்தான் என்று எவரேனும் முடிவு கட்டினால் அவரை என்னென்பது?

1930இல் ரப்பர் விலை வீழ்ந்தபோது நடந்தது இதுவே. ஆலைத் தொழிலாளி வேலையிழந்தபோது டெட்ராய்ட் நகரிலேயே நின்றான்; இலவசக் கஞ்சிக்கு வரிசையில் நின்றான்; அறிஞர் பின்னர் அவனை எண்ணினர். தோட்டத் தமிழன் வேலையிழந்தபோது கப்பலேற்றப்பட்டான். தமிழகத்திலிருந்து ஆள் வரவழைக்கத் தோட்ட உரிமையாளர்களிடம் வரி பெற்று நடத்திய குடியேற்ற நிதி, 1930 முதல் ஆட்களைத் திருப்பி அனுப்புவதற்குச் செலவாயிற்று. மூன்றாண்டுகளில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் இவ்வாறு ஊர் திரும்பினர். மலாயாவின் அன்றைய வேலையின்மையை மலாயாவில் தேடிப் பயனில்லை. நாகப்பட்டினத் துறையில் தேட வேண்டும். துறையில் இறங்கியவர் சொந்தச் சிற்றூருக்குப் போய் அண்ணன் தம்பியின் அரைக் காணி நிலத்தில் பங்கிட்டு உழைத்தார். அங்கும் அவர் வேலையுள்ளவரே! ஆக, ஒரு லட்சம் பேரின் வேலை போயிற்று. இரு நாட்டுக் கணக்கிலும் வேலையற்றவர் ஒருவரும் ஏறவில்லை.

அமெரிக்காவின் 24.9 மட்டும் ஐயமற்றதா எனின், அதுவும் அன்று. அது அவ்வாண்டிலேயே எண்ணிய எண் அன்று. மாதிரி ஆய்வு அந்நாட்டில் 1940இல்தான் தொடங்கிற்று. லெபர்காட் என்னும் அறிஞர் பின்னர்க் கணித்துத் தந்ததே 24.9. நிவாரணப் பணிகளில் அரசு அமர்த்தியவரை அவர் வேலையற்றோராகவே கொண்டார். 1976இல் டார்பி என்பார், சாலை போட்டுக் கூலி பெற்றவனை வேலையற்றவன் என்பது எவ்வாறு பொருந்தும் என்று வினவி அவர்களை மறுபக்கம் சேர்த்தார். 24.9 என்பது 20.6 ஆயிற்று. ஒரு மனிதனுக்கும் புதிதாய் வேலை கிடைக்காமலே நான்கு விழுக்காடு குறைந்தது. இருவரில் எவர் சொல்வது சரி என்பதில் எனக்கொரு கருத்து உண்டு. மண்வெட்டி பிடித்துக் கூலி வாங்கியவன் உழைத்தவனே; ஆகவே டார்பியின் பக்கமே நிற்பேன். ஆயினும் இருவரின் நூல்களையும் படித்தவர் ஒருவரும் ஒரே எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதமாட்டார்.

நாகப்பட்டினம் ஒரு முறையோடு முடிந்திருந்தால் அதைப் பழங்கதை என்று விட்டுவிடலாம். முடியவில்லை. பிரிட்டிஷ் அரசு தன் படைத்தளங்களைச் சிங்கப்பூரிலிருந்து 1971க்குள் விலக்கிக்கொள்வதாக 1968 ஜனவரியில் அறிவித்தது. நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அத்தளங்களைச் சார்ந்திருந்த காலம் அது. செம்பவாங்கிலும் பிற தளங்களிலும் பல்லாயிரவர் வேலையிழந்தனர். அவர்களுள் தமிழரும் மலையாளிகளும் மிகப் பலர். குடியுரிமை பெறாதார்க்கு வேலை அனுமதி வேண்டும் என்னும் சட்டம் அதற்குள் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆகவே பணிக்கொடையை வாங்கிக்கொண்டு மீண்டும் கப்பலேறியவர் பலர். ஜூரோங்கில் ஆலைகள் பெருகி வேலையின்மை குறைந்த அதே ஆண்டுகள் இவை. குறைந்ததில் ஆலையின் பங்கும் உண்டு. கப்பலின் பங்கும் உண்டு. முன்னது மிகப் பெரிது என்பதே என் எண்ணம். பின்னதை அடியோடு விட்டுவிட்டு எழுதுவது மட்டும் வரலாறு ஆகாது. அதே காலத்தில் நீரிணைக்கு அப்பால் மலேசியத் தோட்டங்களிலும் குடியுரிமையற்றோர்க்கு வேலை அனுமதி கட்டாயமாகிப் பல்லாயிரம் தமிழர் ஊர் திரும்பினர்.

இனி 2020. பெருந்தொற்றின் ஆண்டு. சிங்கப்பூரில் குடியுரிமை பெற்றோரும் நிரந்தரவாசிகளும் ஆகியோரிடையே அவ்வாண்டின் சராசரி வேலையின்மை 4.1 விழுக்காடு. வெளிநாட்டு ஊழியரையும் சேர்த்து நோக்குங்கால் 3.0 விழுக்காடு. ஒரே நாடு, ஒரே ஆண்டு, இரண்டு எண்கள்! வெளிநாட்டவரைச் சேர்த்தால் எண் குறைவானேன் என்று மாணவர் கேட்கக்கூடும், கேட்கவும் வேண்டும். வேலை அனுமதியில் வந்தவர் வேலை உள்ளவரையே இங்கே இருக்கலாம். ஆகவே அவர்களிடையே வேலையற்றவர் மிகச் சிலரே. தோட்டத்துச் சுழிக்கு இது மறுபெயர். லயத்து வீட்டின் இடத்தில் இப்போது விடுதி. 2019 இறுதியில் 14 இலட்சத்திற்கும் மேலிருந்த வெளிநாட்டு ஊழியர் தொகை 2020 இறுதியில் 12 இலட்சத்து 30 ஆயிரம் அளவுக்கு இறங்கியது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் வேலைகள் மறைந்தன. விகிதம் ஒரு விழுக்காட்டளவே அசைந்தது. ஜூரோங்கிலும் துவாசிலும் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைத்த புதுக்கோட்டைக்காரரும் பங்களாதேஷ் இளைஞரும் ஊர் திரும்பினர். இம்முறை கப்பல் அன்று, விமானம்.

மனிதவள அமைச்சின்மீது இதில் குற்றம் காண்பது முறையன்று. மொத்த விகிதம், உள்ளூர்வாசிகள் விகிதம், குடிமக்கள் விகிதம் என மூன்றையும் அது தனித்தனியே வெளியிடுகிறது. மூன்றில் சிறியதை எடுத்துக்கொண்டு பிறநாட்டுப் பெரிய எண்ணோடு பொருத்தும் பேச்சாளரே பிழை செய்பவர்.

அதே 2020இல் மேலைநாடுகளில் நிகழ்ந்த வேடிக்கையையும் ஈண்டுக் குறிக்கலாம். ஏப்ரல் மாதத்தில் அமெரிக்க வேலையின்மை 14.7 விழுக்காட்டுக்குத் தாவியது. இங்கிலாந்திலோ 4 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. கடைகளும் ஆலைகளும் இரு நாட்டிலும் ஒருசேர மூடிக் கிடந்தன. அமெரிக்கர் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டவரை வேலையற்றோர் என எண்ணினர். இங்கிலாந்து அரசு, நிறுவனங்கள் வாயிலாகவே ஊதியத்தின் பெரும்பகுதியை வழங்கி ஊழியரை வீட்டிலிருக்கச் செய்தது. மே மாதத்தில் அவ்வாறு இருந்த பணிகள் ஏறத்தாழ 89 இலட்சம். வீட்டில் அமர்ந்திருந்த அவர்கள் கணக்கில் வேலையுள்ளவர். அமெரிக்கரைவிட ஆங்கிலேயர் மும்மடங்கு நலமாயிருந்தனர் என்று இந்த எண்களிலிருந்து எவரேனும் கூறின் நகைப்பர். ஆங்கிலேயர்க்கு வேலை என்னும் பிடி அறாமல் இருந்ததென்னவோ உண்மை. அது கொள்கையின் வேறுபாடு, உழைப்பின் வேறுபாடு அன்று. அட்டவணையில் 1982க்கு எதிரே இருந்த இங்கிலாந்து எண்ணும் இத்தகையதே. அவ்வாண்டில்தான் அந்நாடு, வேலை வாய்ப்பகத்தில் பதிந்தோரை எண்ணுவதை விட்டு உதவித்தொகை பெறுவோரை எண்ணத் தொடங்கியது. ஜெர்மனியில் இதற்கு நேர்மாறு. 2005 ஜனவரியில் சமூக உதவி பெற்றுவந்தோரையும் வேலையற்றோர் பதிவில் சேர்த்தபோது தொகை ஐம்பது இலட்சத்தைத் தாண்டி நாடே அதிர்ந்தது.

இந்தியக் கட்டங்களை நிரப்ப அந்த ஆசிரியை மிகவும் அல்லலுற்றார். அல்லலுற்றதே நன்று. 1970இல் பேராசிரியர் தாந்துவாலா தலைமையில் அமைந்த அறிஞர் குழு, இந்தியா போன்ற நாட்டில் வேலையின்மையை ஒரே எண்ணில் அடக்குதல் பொருந்தாது என்று தெளிவாகக் கூறிவிட்டது. அதன் பின் 1972-73ஆம் ஆண்டின் மாதிரி ஆய்விலிருந்து, ஆண்டு முழுமையும் நோக்கிய வழக்கநிலை, வார நிலை, நாள் நிலை என மூவகையாக எண்ணலாயினர். உழவு நாளில் வயலிலும் பிற நாளில் மரத்தடியிலும் இருப்பவனை ஆண்டுக் கணக்கு வேலையுள்ளவன் என்னும். நாள் கணக்கு அவன் சும்மா இருந்த நாளைக் காட்டிக்கொடுக்கும். 2023-24இலும் வழக்கநிலையில் 3.2 விழுக்காடு, வார நிலையில் 4.9 விழுக்காடு. சிங்கப்பூரின் எண்ணுக்கு அருகே 3.2 நிற்பதைக் கண்டு, இரு நாட்டு உழைப்பாளர் நிலையும் ஒன்றே என்பவர் உண்டோ?

தமிழாசிரியர் உற்று நோக்க வேண்டிய செய்தி ஒன்றும் அவ்வாய்வுகளில் உள்ளது. எழுத்தறியாதாரிடையே வேலையின்மை ஒரு விழுக்காட்டுக்கும் கீழ். இடைநிலைக் கல்வியும் அதற்கு மேலும் பெற்றோரிடையே ஆறு விழுக்காட்டுக்கும் மேல். படித்தால் வேலை கிடைக்காது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. ஏழைக்கு வேலையின்றி இருக்க வசதியில்லை. கிடைத்ததைச் செய்தால்தான் மாலையில் உலை கொதிக்கும். காத்திருப்பதற்குப் பின்னால் சோறு போட ஒருவர் வேண்டும். இலங்கை இதற்கு எடுத்துக்காட்டு. 1971ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அங்கு வேலையற்றோர் 18.7 விழுக்காடு. அவர்களில் மிகப் பலர் பள்ளி இறுதி முடித்து, கற்ற கல்விக்கு ஏற்ற பணியை நோக்கிக் காத்திருந்த இளைஞர். அவ்வாண்டு ஏப்ரலில் எழுந்த இளைஞர் கிளர்ச்சியும், டட்லி சீர்ஸ் தலைமையில் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு அனுப்பிய குழுவின் அறிக்கையும் இதை உலகறியச் செய்தன. கிடைக்கும் வேலைக்கும் இளைஞர் எதிர்பார்க்கும் வேலைக்கும் இடையே உள்ள பிளவே நோய் என்றது அவ்வறிக்கை. அதே இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில், லயத்தில் பிறந்து கொழுந்து பறிக்கப் போன பெண் அந்த 18.7இல் இல்லை. அவளுக்கு எதிர்பார்ப்பு என்று ஒன்றை வைத்துக்கொள்ளவே எவரும் கற்பிக்கவில்லை.

அங்ஙனமாயின் நாடுகளை ஒப்பிடவே கூடாதா என்று ஆசிரியை கேட்டார். ஒப்பிடலாம். ஒரு நாட்டை, கணக்கு முறை மாறாத காலப்பகுதிக்குள், அந்நாட்டோடே ஒப்பிடுவது பெரும்பாலும் பிழையற்றது. 1982இன் இறுதியில் அமெரிக்காவில் 10.8 என்றும் 2009 அக்டோபரில் 10 என்றும் இருந்ததை ஒப்பிட்டால் பொருள் உண்டு. பல நாடுகளை ஒப்பிடுவதாயின், உழைக்கும் வயதினருள் எத்தனை பேர் வேலையில் உள்ளனர் என்னும் விகிதத்தையும் அருகில் வைத்துக்கொள்ள வேண்டும்; தேடுவதை விட்டவரும் அடுப்படியில் இருப்பவரும் அதில் மறைய முடியாது. எல்லை தாண்டி அனுப்பப்பட்டவரோ அதிலும் அகப்படார். அவர்களுக்கெனத் தனி வரிசை ஒன்று வேண்டும்.

ஆசிரியை அட்டவணையைத் திருத்தி மீண்டும் காட்டினார். 1959க்கு எதிரே இருந்த பதினான்கை அடித்துவிட்டு, 1957க்கு ஐந்து, 1966க்கு ஒன்பது என்று எழுதி, எவ்வாறு எண்ணியது என்பதைக் கீழே குறித்திருந்தார். வினாவையும் மாற்றியிருந்தார்: "வேலை போனவர் எங்கே போனார்?" மலேசியக் கட்டத்தின் கோடு இருந்த இடத்தில் நாகப்பட்டினம் என்று எழுதியிருந்தார். 2020க்கு நேராகப் புதிய வரிசையில் இந்தியா, பங்களாதேஷ் என்று எழுதிவிட்டு, எண்ணுக்குரிய கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார். அதை நிரப்பச் சொல்லி நான் கேட்கவில்லை.